மக்களே எடுக்கும் கணக்கு: வாசகர் கேள்வி–பதில்

நிலப்பத்திரம் இல்லாமல், தெருப்பெயர் இல்லாமல், நகர வரைபடத்தில் வெற்றிடமாகக் காட்டப்படும் குடியிருப்புகளில் உலகெங்கும் சுமார் 100 கோடிப் பேர் வாழ்கிறார்கள். அங்கே குழாய் ஏன் வரவில்லை, குழந்தைகளுக்கு ஏன் ஓயாமல் வயிற்றுப்போக்கு என்று கேட்டால், 'எங்களிடம் விவரம் இல்லை' என்பதுதான் முதல் பதிலாக வருகிறது. அந்த விவரத்தைக் குடியிருப்பவர்களே திரட்டி, அதை வைத்துப் பொறுப்பானவர்களிடம் பதில் கேட்பது, அதாவது 'பங்கேற்பு ஆய்வு' பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: எங்கள் பகுதிக்கு இதுவரை மூன்று ஆய்வுக் குழுக்கள் வந்து போய்விட்டன. வீட்டுக்கு ஒரு மணி நேரம் கேள்வி கேட்டார்கள். பிறகு ஆளையே காணோம். இப்போது 'பங்கேற்பு ஆய்வு' என்று நான்காவது குழு வருகிறது. பெயர் மட்டும் புதிதா, வேலையும் புதிதா? – குடியிருப்புச் சங்கச் செயலாளர்

பதில்: பெயரை வைத்துச் சொல்ல முடியாது. பழைய கள்ளைப் புதிய மொந்தையில் ஊற்றுவதும் நடக்கத்தான் செய்கிறது. வருபவர்களிடம் நான்கு விஷயங்களைக் கேளுங்கள். எதை ஆராய வேண்டும் என்று தீர்மானித்தது யார்? நிரப்பிய படிவங்களின் பிரதி யாரிடம் இருக்கும்? முடிவுகளை முதலில் யார் கேட்பார்கள்? அந்த முடிவுகளை எந்த அலுவலகத்தில், எந்த அதிகாரியிடம், எந்தத் தேதிக்குள் கொண்டுபோய் வைக்கப் போகிறோம்? நான்காவது கேள்விக்குப் பெரும்பாலும் மழுப்பலான பதில்தான் வரும். அங்கேதான் விடாமல் பிடிக்க வேண்டும். தகவல் சேகரிப்பதில் கெட்டிக்காரர்களான குழுக்கள்கூட, சேகரித்ததை வைத்துப் பதில் வாங்குவதற்கு நேரமும் பணமும் ஒதுக்குவதில்லை. எங்கள் கணிப்பில், மொத்தக் காலத்தில் பாதியாவது அதற்கு ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும்.

மக்கள் பங்கேற்பு எந்த அளவுக்கு உண்மையானது என்று எடைபோட, 1969-ல் ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் என்ற அமெரிக்க வல்லுநர் எட்டுப் படிகள் கொண்ட ஓர் ஏணியைச் சொன்னார். 'உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்' என்று கேட்டு எழுதிக்கொண்டு போவது அதில் நான்காவது படிதான். முடிவெடுக்கும் அதிகாரம் மக்களிடம் வருவது மேல் படிகளில்.

மேல் படிக்கு ஏற முடியும் என்பதற்கு மும்பை நடைபாதைவாசிகள் சாட்சி. 1985-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு குடிசைகள் அகற்றப்படும் என்ற அச்சம் சூழ்ந்திருந்தபோது, ஸ்பார்க் என்ற அமைப்போடு சேர்ந்து சுமார் 6,000 குடும்பங்களைக் கணக்கெடுத்தார்கள். 'நேற்று வந்தவர்கள், நாளை போய்விடுவார்கள்' என்ற பேச்சுக்கு எதிரே, எத்தனை ஆண்டுகளாக இருக்கிறார்கள், என்ன வேலை செய்கிறார்கள் என்ற எண்கள் வந்து நின்றன. அந்த வேலையில் ஒன்றுகூடிய பெண்களிடமிருந்துதான் மகிளா மிலன் என்ற கூட்டமைப்பு பிறந்தது.

நான்காவது குழுவை உள்ளே விடுவதற்கு முன் ஒரு பக்க ஒப்பந்தம் எழுதி வாங்குங்கள். படிவங்களின் பிரதி சங்கத்துக்கு. முடிவுகள் 60 நாளுக்குள் உள்ளூர்க் கூட்டத்தில் வாசிக்கப்படும். வெளியிடும் முன் குடியிருப்பின் ஒப்புதல் பெறப்படும். களப்பணியாளர்களுக்கு இவ்வளவு கூலி. கையெழுத்துப் போடத் தயங்குகிற குழுவுக்கு உங்கள் வாசலில் வேலை இல்லை.

கேள்வி: சந்துகளுக்குப் பெயர் இல்லை, வீடுகளுக்கு எண் இல்லை. கணக்கெடுப்பை எங்கிருந்து தொடங்குவது? கைபேசியில் ஜிபிஎஸ் வைத்துக் குறித்தால் போதாதா? – களப்பணியாளர்

பதில்: போதாது. திறந்த வெளியிலேயே கைபேசி ஜிபிஎஸ் சில மீட்டர் தவறும். தகரக் கூரையும் ஒட்டிய சுவர்களும் உள்ள சந்தில் அந்தத் தவறு 10 மீட்டருக்கு மேலும் போகும். சந்தின் அகலமே ஒன்றரை மீட்டர் என்றால், உங்கள் புள்ளி பக்கத்து வரிசை வீட்டின் மேல் போய் விழும். பெரிய மூலைகள், குழாயடி, கழிப்பறைக் கட்டடம், சாக்கடை கலக்கும் இடம் ஆகியவற்றை மட்டும் ஜிபிஎஸ்ஸில் குறியுங்கள். மற்றவற்றைக் காலால் நடந்து, கையால் வரைய வேண்டும்.

முதல் வேலை எல்லை. மூன்று குழுக்களைத் தனித்தனியாக எல்லையைச் சுற்றி நடக்கச் சொல்லுங்கள்: நீண்ட நாள் குடியிருப்பவர்கள், வாடகைக்காரர்கள், இளைஞர்கள். மூன்று எல்லைகளும் ஒன்றாக இராது. கோடுகள் விலகும் இடத்தில்தான் கால்வாய்க் கரை, ரயில் பாதை ஓரம், குப்பைமேட்டு அடிவாரம் போன்ற இடங்களில் மிக ஏழைகள் இருப்பார்கள். 'அது நம்ம ஏரியா இல்லை' என்று உள்ளூர்த் தலைவர்களே அவர்களை விட்டுவிடுவதுண்டு. அதனால் மூன்று கோடுகளில் மிக வெளியே இருப்பதையே எல்லையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, செயற்கைக்கோள் படத்தைப் பெரிய தாளில் அச்சிட்டு, அதன் மேல் கண்ணாடித் தாள் போட்டு, சந்து சந்தாக நடந்து வரையுங்கள். கூரையை எண்ண வேண்டாம். கதவை எண்ணுங்கள். ஒரு கூரையின் கீழ் ஆறு அறை, ஆறு குடும்பம் இருக்கும். மாடிக்கு ஏறும் ஏணியின் மேலே இன்னும் நான்கு இருக்கும். சந்துக்கு ஓர் எழுத்து, கதவுக்கு ஓர் எண், மாடிக்கு 'மே' என்று சேர்த்துக்கொண்டால் குழப்பம் வராது. எண்ணைச் சுவரில் சுண்ணாம்பால் எழுதினால் அடுத்த மழைக்குப் போய்விடும். எண்ணெய் வண்ணத்தால் எழுதினால் 'இடிக்கப் போகிறார்களா' என்ற பயம் வரும். அதனால் எண் எழுதுவதற்கு முதல் நாள் மாலையே சந்துக்குச் சந்து கூட்டம் போட்டு, எதற்காக இந்த எண் என்று சொல்லிவிட வேண்டும்.

குடும்பம் என்றால் என்ன என்பதையும் முன்கூட்டியே தீர்மானியுங்கள். ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுபவர்கள் ஒரு குடும்பம் என்ற வரையறை நன்றாக வேலை செய்கிறது. ஆனால் அறையைப் பகிர்ந்துகொண்டு வெளியே சாப்பிடும் தொழிலாளர்கள் அதில் விழமாட்டார்கள். அவர்களுக்கென்று படிவத்தில் தனி வரி வேண்டும்.

பூட்டிய கதவுதான் கணக்கெடுப்பின் பெரிய எதிரி. பகலில் மட்டும் போனால் வயதானவர்களும் சிறு குழந்தைகளின் தாய்மார்களும்தான் கிடைப்பார்கள். வேலைக்குப் போகிறவர்கள் மொத்தமாக விடுபட்டுப் போவார்கள். ஒரு கதவுக்கு மூன்று முறை, மூன்று வெவ்வேறு நேரங்களில் போக வேண்டும்: ஒரு காலை, ஓர் இரவு, ஒரு விடுமுறை நாள். மூன்றிலும் ஆள் இல்லையென்றால் 'சந்திக்க முடியவில்லை' என்று எழுதுங்கள். பக்கத்து வீட்டாரிடம் கேட்டு நிரப்பாதீர்கள்.

இரண்டு பேராகப் போவது நல்லது. ஒருவர் கேட்க, ஒருவர் எழுதலாம். படிவம் 20 நிமிடத்தைத் தாண்டக் கூடாது. முதலில் 15 வீடுகளில் வெள்ளோட்டம் விட்டால், எந்தக் கேள்வி புரியவில்லை என்று தெரிந்துவிடும். பிறகு, நிரப்பிய பத்துப் படிவங்களில் ஒன்றை வேறொரு இணை போய் மறுபடி கேட்க வேண்டும். ஆள் எண்ணிக்கையும் தண்ணீர் எடுக்கும் இடமும் ஒத்துப்போகவில்லை என்றால், அந்தச் சந்தின் படிவங்கள் முழுவதையும் சரிபார்க்க வேண்டியிருக்கும்.

பெரிய பகுதியாயிற்றே என்று மலைக்க வேண்டாம். நைரோபி நகரின் முக்குரு குடியிருப்புகளில் சுமார் 1,00,000 குடும்பங்கள். அங்கே குடியிருப்போர் அமைப்புகள் முன்னரே திரட்டி வைத்திருந்த விவரங்களும் விடாத அழுத்தமும் சேர்ந்து, 2017-ல் நகர நிர்வாகம் அதைச் சிறப்புத் திட்டப் பகுதியாக அறிவித்தது. திட்டமிடலில் எல்லாரையும் சேர்க்க அவர்கள் கையாண்ட வழி எளியது: பத்து வீட்டுக்கு ஒரு பிரதிநிதி, பத்துப் பிரதிநிதிகள் சேர்ந்தால் நூறு வீட்டுக்கு ஒரு குழு, அதற்கு மேல் அடுத்த அடுக்கு.

கேள்வி: குழாய்த் தண்ணீரில் குளோரின் சரியாக இருக்கிறது என்று அலுவலகத்தில் அறிக்கை காட்டுகிறார்கள். எங்கள் குழந்தைகளுக்கோ வயிற்றுப்போக்கு நிற்கவில்லை. நாங்களே தண்ணீரைச் சோதிக்க முடியுமா? – சுகாதாரத் தன்னார்வலர்

பதில்: முடியும். அவர்களின் அறிக்கையும் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. அவர்கள் நீர்த்தொட்டியில் மாதிரி எடுத்திருப்பார்கள். நீங்கள் குடிப்பது சந்தின் கடைசிக் குழாயில். இரண்டுக்கும் நடுவில்தான் கெடுகிறது.

தண்ணீர் விட்டுவிட்டு வரும் குழாயில், விநியோகம் நின்றதும் உள்ளே அழுத்தம் விழுந்துவிடும். அப்போது குழாய் தன்னைச் சுற்றியுள்ள ஈரத்தை இணைப்பு வழியாகவும் விரிசல் வழியாகவும் உறிஞ்சும். அந்தக் குழாய் சாக்கடைக்குள்ளேயே கிடந்தால் எதை உறிஞ்சும் என்று சொல்ல வேண்டியதில்லை. வீட்டுக்கு வீடு மோட்டார் போட்டு இழுத்தால் இது இன்னும் மோசமாகும். அடுத்த முறை தண்ணீர் திறந்ததும் முதலில் வருவது உறிஞ்சி வைத்த அழுக்கு. ஆகவே மாதிரியை எங்கே எடுத்தோம் என்பதோடு, தண்ணீர் வரத் தொடங்கி எத்தனையாவது நிமிடத்தில் எடுத்தோம் என்பதையும் எழுத வேண்டும்.

நான்கு மாதிரி எடுங்கள்: குடியிருப்புக்குள் குழாய் நுழையும் இடம், சந்தின் கடைசிக் குழாயில் தண்ணீர் வந்த முதல் நிமிடம், அதே குழாயில் 15 நிமிடம் கழித்து, ஒரு வீட்டின் குடிதண்ணீர்ப் பானை. முதல் இடத்தில் சுத்தமாகவும் கடைசிக் குழாயில் அழுக்காகவும் இருந்தால் பழுது குழாயில். முதல் நிமிடம் மட்டும் அழுக்கென்றால் உறிஞ்சல். குழாயில் சுத்தம், பானையில் அழுக்கு என்றால் கோளாறு மூடியிலும், பானைக்குள் விடும் கையிலும் குவளையிலும். இப்படி இடம் பிரித்துக் காட்டாமல் 'தண்ணீர் மோசம்' என்று மட்டும் சொன்னால், 'நீங்கள் பானையைச் சுத்தமாக வைத்துக்கொள்ளுங்கள்' என்ற பதிலோடு அனுப்பிவிடுவார்கள்.

குளோரினுக்கு டிபிடி மாத்திரையும் நிறம் ஒப்பிடும் பெட்டியும் போதும். தண்ணீரில் மாத்திரை கரைந்ததும் இளஞ்சிவப்பு நிறம் வரும். அட்டையோடு ஒப்பிட்டு உடனே படிக்க வேண்டும், தாமதித்தால் நிறம் மாறும். குழாய் முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது எஞ்சிய குளோரின் இருக்க வேண்டும். அதற்குக் கீழே என்றால், வழியில் எதையோ கொன்று தீர்ந்துவிட்டது, அல்லது போடவே இல்லை. ஓர் எச்சரிக்கை: குளோரின் மிக அதிகமாக இருந்தால் அது நிறத்தையே வெளுத்துவிடும், மாத்திரை போட்டும் நிறமே வராது. 'குளோரின் இல்லை' என்று எழுதிவிடுவீர்கள். மூக்கில் குளோரின் நெடி அடித்தும் நிறம் வரவில்லை என்றால், ஒரு பங்கு மாதிரியோடு ஒன்பது பங்கு காய்ச்சி வடித்த நீர் சேர்த்து மறுபடி சோதித்து, வரும் எண்ணைப் பத்தால் பெருக்குங்கள்.

மலக்கலப்பு உண்டா என்று பார்க்க ஹைட்ரஜன் சல்ஃபைடு குப்பி உதவும். உள்ளே மருந்து தோய்த்த தாள் இருக்கும். மூடியின் உள்பக்கத்தைத் தொடாமல், குறியிட்ட அளவுவரை தண்ணீர் பிடித்து, வெதுவெதுப்பான இடத்தில் வையுங்கள். 24 முதல் 48 மணி நேரத்தில் கறுத்தால் கலப்புக்கு அறிகுறி. தண்ணீர் ஊற்றிய சில நிமிடத்திலேயே கறுத்தால் அது கிருமியாக இருக்காது. நிலத்தடி நீரில் இயற்கையாக உள்ள சல்ஃபைடாக இருக்கலாம். ஆழ்துளைக் கிணற்று நீரில் இந்தத் தவறு அடிக்கடி நேரும். குளோரின் நன்றாக இருக்கும் தண்ணீரைச் சோதிப்பதானால், குளோரினை முறிக்கும் சோடியம் தயோசல்ஃபேட் உள்ள குப்பிதான் வேண்டும். இல்லையென்றால் குப்பிக்குள்ளேயே குளோரின் தன் வேலையைத் தொடர்ந்து செய்து முடிவைக் கெடுக்கும். கறுத்த குப்பிகளைக் குப்பையில் எறியாதீர்கள். உள்ளே கிருமி பெருகியிருக்கிறது. வெளுப்புத் திரவம் ஊற்றி அரை மணி நேரம் வைத்துப் பிறகு கழிப்பறையில் கொட்டுங்கள்.

அலுவலகத்தோடு வாதாட, குப்பிச் சோதனையை மட்டும் நம்ப வேண்டாம். கறுத்த இடங்களில் சிலவற்றிலிருந்து மாதிரி எடுத்து, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து, முடிந்தால் ஆறு மணி நேரத்துக்குள் அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகத்தில் கொடுங்கள். 100 மில்லிலிட்டரில், மலக்கலப்பைக் காட்டும் ஈ.கோலை கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. இரண்டு வாரம் தினமும் எடுத்த குப்பிப் பதிவும், நடுவில் மூன்று ஆய்வக முடிவும் சேர்ந்தால் யாரும் எளிதில் தள்ளிவிட முடியாது. மாதிரி எடுக்கும்போது அந்தத் துறையின் குழாய் ஊழியரையும் கூட வைத்துக்கொள்ள முடிந்தால், அதைவிட வலுவான சாட்சி வேறில்லை.

கேள்வி: பொதுக் கழிப்பறை எத்தனை பேருக்கு எத்தனை இருக்க வேண்டும்? – வாசகர்

பதில்: பேரிடர் முகாம்களுக்கே 20 பேருக்கு ஒன்று என்பதுதான் நீண்ட காலத் தங்கலுக்கு, நிவாரண அமைப்புகள் பின்பற்றும் ஸ்ஃபியர் கையேடு சொல்லும் அளவு. நிரந்தரக் குடியிருப்பில் அதைவிடக் குறைவாக இருந்தால், அந்த ஒப்பீடே ஒரு வாதம். கட்டப்பட்ட அறைகளை எண்ணாதீர்கள். இப்போது திறந்து, தண்ணீரோடு, உள்தாழ்ப்பாளோடு இருப்பவற்றை எண்ணுங்கள். அதிகாலை 5 மணிக்கும் இரவு 9 மணிக்கும் எண்ணுங்கள். வரிசையில் நின்ற நேரத்தையும், பெண்கள் பகுதியில் விளக்கு எரிந்ததா, நாப்கின் போடத் தொட்டி உண்டா என்பதையும் அதே தாளில் குறியுங்கள்.

கேள்வி: கூட்டம் போட்டால் ஆண்கள் மட்டும் பேசுகிறார்கள். பெண்கள் பின்னால் நின்றுவிட்டுப் போகிறார்கள். – மகளிர் குழு உறுப்பினர்

பதில்: பொதுக்கூட்டத்தை முதலில் வைப்பதுதான் தவறு. ஆறு முதல் பத்துப் பேர் கொண்ட சிறு குழுக்களாக, அவர்கள் வேலை செய்யும் இடத்துக்கே போய்ப் பேசுங்கள். வீட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு ஞாயிறு பிற்பகல், குப்பை பிரிப்பவர்களுக்கு நண்பகல் ஓய்வு. வாடகைக்காரர்களை வீட்டுக்காரர் இருக்கும் இடத்தில் பேச வைக்காதீர்கள். வாய் திறக்க மாட்டார்கள். உடல் ஊனமுற்றவர்கள், தனியே இருக்கும் முதியவர்கள், திருநர்கள், புதிதாக வந்த புலம்பெயர் தொழிலாளர்கள் ஆகியோர் கூட்டத்துக்கு வருவார்கள் என்று காத்திருக்க வேண்டாம். ஒவ்வொருவரையும் தேடிப் போக ஒரு பெயர்ப்பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள். சிறு குழுக்கள் தங்கள் மூன்று முக்கியச் சிக்கல்களை எழுதிக்கொண்ட பிறகுதான் பொதுக்கூட்டம். அங்கே ஒவ்வொரு குழுவின் பட்டியலையும் அந்தக் குழுவிலிருந்தே ஒருவர் வாசிக்கட்டும்.

எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு ஒளிப்படம் நல்ல கருவி. 1990-களில் சீனாவின் யுனான் மாகாணக் கிராமப் பெண்களிடம் கேமராவைக் கொடுத்து, தங்கள் வாழ்க்கையைத் தாங்களே படமெடுத்துப் பேச வைத்தார்கள் கரோலின் வாங், மேரி ஆன் பரிஸ் இருவரும். இன்று கைபேசி போதும். முகம் தெரியும் படத்துக்கு அந்த நபரின் சம்மதம் வேண்டும். கைபேசியில் இடக்குறிப்பு அமைப்பை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் படத்தோடு வீட்டின் இருப்பிடமும் போய்விடும்.

கேள்வி: எங்கள் தன்னார்வலர்கள் குழந்தைகளின் எடை, நோய் போன்றவற்றையும் கணக்கெடுக்கலாமா? மருத்துவர் இல்லாமல் செய்வது சரியா? – செவிலியர்

பதில்: சிலவற்றைச் செய்யலாம், சிலவற்றைத் தொடவே கூடாது. செய்யத் தொடங்குவதற்கு முன், நோய் கண்டால் எங்கே அனுப்புவது என்ற ஏற்பாடு தயாராக இருக்க வேண்டும். அனுப்ப இடமில்லாமல் அளப்பது கொடுமை.

மேல்கைச் சுற்றளவு நாடா எளிது. 6 முதல் 59 மாதக் குழந்தைக்கு மட்டும். இடது கை, தோள் முனைக்கும் முழங்கைக்கும் நடு இடம், கை தளர்ந்து தொங்க வேண்டும். நாடா தோலைத் தொட வேண்டும், அழுத்தக் கூடாது. 115 மில்லிமீட்டருக்குக் கீழே என்றால் கடும் ஊட்டக்குறைவு. அன்றே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். 115 முதல் 125-க்குள் என்றால் மிதமான குறைவு. இரண்டு பாதங்களின் மேலும் கட்டைவிரலால் மூன்று விநாடி அழுத்துங்கள். இரண்டிலும் குழி நின்றால், நாடா எந்த எண் காட்டினாலும் அது ஆபத்து. தவறு பெரும்பாலும் நாடாவை இறுக்குவதிலும், மடக்கிய கையில் அளப்பதிலும் வரும். ஒரே குழந்தையை இரண்டு பேர் தனித்தனியே அளந்து, 5 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் பயிற்சி போதவில்லை.

வயிற்றுப்போக்குக்கு 'கடந்த இரண்டு வாரத்தில், ஒரே நாளில் மூன்று முறையோ அதற்கு மேலோ தண்ணீராகப் போனதா?' என்று கேளுங்கள். ஆறு மாதக் கதையைக் கேட்டால் நினைவு உதவாது. கோடைக்கு ஒன்று, மழைக்கு ஒன்று என இரண்டு முறையாவது கேட்க வேண்டும்.

காசநோய், எச்.ஐ.வி, கருக்கலைப்பு, வீட்டு வன்முறை ஆகியவற்றை அக்கம்பக்கத்துத் தன்னார்வலர் கதவு தட்டிக் கேட்கக் கூடாது. கேட்டதே ஊருக்குத் தெரிந்துவிடும், அதன் விலையை அந்தக் குடும்பம் கொடுக்கும்.

கேள்வி: வரைபடம் தயாரித்தால் அதையே வைத்து எங்களை அப்புறப்படுத்த மாட்டார்களா? – குடியிருப்பவர்

பதில்: நியாயமான பயம். அந்த ஆபத்து உண்மையிலேயே இருக்கிறது. அதனால் சேகரிப்பது வேறு, வெளியே காட்டுவது வேறு என்று இரண்டு அடுக்காக வைக்க வேண்டும். பெயரும் கைபேசி எண்ணும் ஒரு நோட்டில், கதவு எண்ணும் விடைகளும் இன்னொன்றில். இரண்டும் ஒரே வீட்டில் இருக்கக் கூடாது. வெளியே தரும் அட்டவணையில் ஐந்துக்குக் குறைவான எண்ணிக்கை வந்தால் அந்தக் கட்டத்தைப் பக்கத்துச் சந்தோடு சேர்த்துவிடுங்கள். 'இந்தச் சந்தில் இருவர்' என்றால் யார் என்று எல்லாருக்கும் தெரியும். கள்ள மின் இணைப்பு, அனுமதியற்ற குழாய் இணைப்பு ஆகியவற்றைக் கதவுவாரியாக எழுதவே வேண்டாம். 'சந்தில் பாதுகாப்பான மின்சாரம் இல்லை' என்பது போதும்.

மறுபக்கமும் உண்டு. கணக்கில் இல்லாதவர்களை அகற்றுவதுதான் சுலபம். இழப்பீடு கேட்க ஆதாரமும் இராது. வெளியிடுவதா, எவ்வளவு வெளியிடுவது என்ற முடிவைக் குடியிருப்போர் கூட்டம் எடுக்க வேண்டும். அந்த முடிவைப் பின்னால் மாற்றிக்கொள்ளும் உரிமையும் அவர்களுக்கு இருக்க வேண்டும்.

கேள்வி: எங்கே போனாலும் 'இது எங்கள் துறை இல்லை' என்கிறார்கள். கணக்கை வைத்துக்கொண்டு என்ன செய்வது? – இளைஞர் மன்ற உறுப்பினர்

பதில்: குடியிருப்பின் வரைபடம் போலவே, பொறுப்புகளுக்கும் ஒரு வரைபடம் போட வேண்டும். ஒவ்வொரு சிக்கலுக்கும் ஒரு தாள், அதில் நான்கு பத்திகள்: வேலையை யார் செய்ய வேண்டும், பணம் யாரிடம், மேற்பார்வை யார், எத்தனை நாளில் முடிக்க வேண்டும். அடைத்த சாக்கடை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அடைப்பு எடுப்பவர் ஒப்பந்தத் தொழிலாளி, பணம் பொறியியல் பிரிவில், மேற்பார்வை சுகாதார ஆய்வாளர் என்று பிரிந்து கிடக்கும். இந்தத் தாளோடு போனால் 'எங்கள் துறை இல்லை' என்ற பதிலுக்கு, 'அப்படியானால் எந்தப் பத்தி தவறு, நீங்களே திருத்திக் கொடுங்கள்' என்று கேட்கலாம். அவர் திருத்திக் கொடுத்தால் அதுவும் ஆதாரம்.

தகவல் அறியும் சட்டம் உள்ள நாடுகளில் ஒப்பந்தத்தின் நகலையும் பணிப்பதிவேட்டையும் கேட்டு வாங்குங்கள். வாரம் மூன்று முறை குப்பை எடுக்க வேண்டும் என்று ஒப்பந்தம் சொல்லி, உங்கள் நாட்குறிப்பு வாரம் ஒரு முறை என்று காட்டினால், அதற்கு மேல் வாதம் தேவையில்லை. தனியார் தண்ணீர் வண்டிக்காரர், வீட்டு உரிமையாளர், உள்ளூர்ப் பெரும்புள்ளி ஆகியோரையும் தாளில் போடுங்கள். முறைசாராக் குடியிருப்பில் பாதிச் சேவை இவர்கள் கையில்தான். இவர்களிடம் மனுவைவிட நேர்ப்பேச்சு செல்லும்.

அடுத்தது நேருக்கு நேர் உட்காரும் கூட்டம். மதிப்பெண் அட்டை என்ற முறையை 2002-ல் மலாவியில் கேர் என்ற தொண்டு அமைப்பு உருவாக்கியது. ஐந்து முதல் எட்டு அளவுகோல்கள் எடுத்துக்கொள்ளுங்கள்: மருத்துவமனையில் காத்திருக்கும் நேரம், மருந்து இருப்பு, ஊழியர் பேசும் விதம் போன்றவை. குடியிருப்போர் தனியாக உட்கார்ந்து 1 முதல் 5 வரை மதிப்பெண் போட்டு, ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுத வேண்டும். மருத்துவமனை ஊழியர்களும் அதே அளவுகோல்களில் தங்களுக்குத் தாங்களே தனியாக மதிப்பெண் போட வேண்டும். பிறகுதான் இரு தரப்பும் சேர்ந்து உட்கார்வது. மருந்தில் இரு தரப்பும் 2 போட்டிருந்தால், குற்றவாளி அந்த அறையிலேயே இல்லை, மேலே இருக்கிறார் என்று தெரியவரும். அப்போது செவிலியரும் நீங்களும் ஒரே மனுவில் கையெழுத்துப் போட முடியும். இந்தப் படியைத் தாண்டிக் குதித்தால், கூட்டம் கடைநிலை ஊழியரைத் திட்டும் கூட்டமாக முடியும். அடுத்த நாள் அவர் அந்தக் கோபத்தை நோயாளிகள் மேல் காட்டுவார்.

கூட்டத்துக்கு வரும் அதிகாரிக்குக் கையெழுத்திடும் அதிகாரம் உண்டா என்று முன்பே கேளுங்கள். 'ஆவன செய்யப்படும்' என்பதைக் குறிப்பேட்டில் பதிலாக எழுதாதீர்கள். யார், என்ன, எந்தத் தேதி என்ற மூன்றும் இருந்தால்தான் பதில். கூட்டம் முடிவதற்குள் அதைச் சத்தமாக வாசித்து, இரு தரப்பும் கையெழுத்திட்டு, குழாயடியிலும் மருத்துவமனை வாசலிலும் ஒட்டுங்கள். ஆறு மாதம் கழித்து அதே அளவுகோல்களில் மறுபடி மதிப்பெண் போடுங்கள்.

கேள்வி: அரசு செய்ய வேண்டிய வேலையை மக்கள் தலையில் கட்டுவதாகாதா இது? – வாசகர்

பதில்: எச்சரிக்கையாக இல்லையென்றால் ஆகும். கராச்சியின் ஒராங்கியில் 1980-ல் அக்தர் ஹமீத் கான் தொடங்கிய திட்டம் இதில் ஒரு தெளிவான கோடு போட்டது. வீட்டுக் கழிப்பறையும் சந்துக்குள் ஓடும் சாக்கடைக் குழாயும் மக்கள் செலவு, மக்கள் மேற்பார்வை. அவற்றைச் சேர்த்துக்கொள்ளும் பெரிய குழாயும் சுத்திகரிப்பும் அரசின் கடமை. 20, 30 வீடுகள் கொண்ட சந்தே அங்கே அமைப்பின் அலகு. அந்தக் கோடு எங்கே என்று எழுதிக்கொள்ளாமல் வேலையைத் தொடங்கினால், பெரிய குழாய் வராமல் சந்துக் குழாய் கால்வாயில் போய்க் கொட்டும்; பழி மக்கள் மேல் விழும்.

கேள்வி: ஆறு மாதத்தில் முதுகலை ஆய்வேடு முடிக்க வேண்டும். பங்கேற்பு ஆய்வு செய்ய விரும்புகிறேன். – சமூகப்பணி மாணவி

பதில்: ஆறு மாதத்தில் ஒரு குடியிருப்பின் நம்பிக்கையைப் பெறுவதே பெரிது. ஏற்கெனவே அங்கே வேலை செய்யும் உள்ளூர்க் குழு ஒன்றோடு சேருங்கள். அவர்கள் கேட்கும் ஒரு சிறு கேள்வியை, ஒரே ஒரு குழாயடியையோ ஒரு கழிப்பறையையோ எடுத்துக்கொள்ளுங்கள். அறநெறிக் குழுவின் அனுமதிக்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆகலாம். மக்களோடு பேசிய பிறகு கேள்விகள் மாறும் என்பதை விண்ணப்பத்திலேயே எழுதி, மாறும்போது திருத்தம் அனுப்புங்கள்.

உடன் வேலை செய்யும் குடியிருப்பாளர்களுக்கு நாள் கணக்கில் கூலி, வண்டிச் செலவு, கைபேசிச் செலவு ஆகியவற்றை முதல் நாளே சொல்லிவிடுங்கள். 'சேவை' என்று சொல்லி இலவசமாக வேலை வாங்கினால், வசதி உள்ளவர்கள் மட்டுமே மிஞ்சுவார்கள். ஆய்வேட்டைச் சமர்ப்பிப்பதற்குக் குறைந்தது மூன்று வாரம் முன்பு, முடிவுகளை ஒரே தாளில், பெரிய எழுத்தில், படங்களோடு அந்தக் குழாயடியில் வாசித்துக் காட்டுங்கள். அங்கே யாராவது 'இது தப்பு' என்று சொன்னால் திருத்துவதற்கு அந்த மூன்று வாரம் தேவைப்படும்.